மண்ணக்கா கொண்டுவந்த மண்

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்பது ஆய்வகத்தில் எல்லாருக்கும் தெரியும். லேபிள் ஒட்டாத மண் பை வந்தால் கத்துவேன். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். பதினேழு வருஷத்தில் நான் ஒருமுறைகூடக் கத்தாத ஆள் ஒருவர்தான். அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவருக்கு நேர்ந்ததில் என் பங்கும் உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

மண்ணக்கா என்றுதான் அவரை எல்லாரும் கூப்பிடுவோம். விவசாயிகள் கொண்டுவரும் மண்ணில் பூச்சிமருந்து மிச்சமிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. துணிப்பையில் கொண்டுவருவார்கள், பிளாஸ்டிக் பையில் கொண்டுவருவார்கள். ஒருவர் ஹெல்மெட்டில் அள்ளிக்கொண்டு வந்தார். அவரிடம் நான் கத்தியது தெருமுனை வரைக்கும் கேட்டதாம். மண்ணக்கா ஹெல்மெட்டை வாங்கி மண்ணைக் கொட்டிக்கொண்டு, "தலைக்கு என்ன போட்டுட்டு வந்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

வந்த மண்ணைப் பழுப்புக் காகிதம் விரித்த தட்டில் நிழலில் உலர்த்துவார். மரக்கட்டையால் கட்டிகளைத் தட்டி உடைத்துச் சல்லடையில் சலிப்பார். சலித்ததைக் குவித்து, அடிக்கோலால் நாலாகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு, மீதியை மறுபடி குவித்து மறுபடி பிரிப்பார். ஒரு வயல் முழுவதும் கடைசியில் ஒரு கைப்பிடிக்குள் வந்துவிடும். அதைக் கரைப்பானில் குலுக்கி, வடிகட்டி, வற்றவைத்து ஒரு சின்னக் குப்பியில் என்னிடம் தருவார். நான் மெஷினில் ஏற்றுவேன். மருந்து இருந்தால் மெஷின் வரையும் கோடு ஓரிடத்தில் எகிறும். அந்த எகிறலுக்கு எங்கள் பேச்சில் பீக் என்று பெயர். பீக் எவ்வளவு பெரிதோ, மருந்தும் அவ்வளவு.

பெரிய படிப்பெல்லாம் அவருக்குக் கிடையாது. சலிக்கிற வேலைக்குத்தான் எடுத்தார்கள். ஆனால் போட்ட மருந்து மண்ணில் என்ன ஆகிறது என்று விவசாயிகளுக்கு அவர் சொல்வதைக் கேட்க எங்கள் ஆபீசரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்.

"கொஞ்சத்த வெயில் தின்னும், கொஞ்சத்த தண்ணி இழுத்துட்டுப் போகும். மிச்சத்த மண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாம இருக்கிற உயிருங்க தின்னும். ஈரமும் சூடும் இருந்தா சீக்கிரம் தின்னும். சில மருந்து மூணு வாரத்துல போன இடம் தெரியாது. சிலது இருக்கு பாருங்க, பிடிவாதம் பிடிச்சது. களிமண்ணைக் கெட்டியா கட்டிக்கிட்டு நகராது. அந்த உயிருங்களுக்கும் அது வாய்க்கு விளங்காது. அஞ்சு வருஷத்துல பாதியாகும். இன்னும் அஞ்சு வருஷத்துல அந்தப் பாதியில பாதி. முழுசாப் போச்சுன்னு என்னைக்குமே சொல்ல முடியாது."

அவருடைய வீட்டுக்காரர் கொத்தனார். அவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் அந்த வீட்டில் பேச்சு என்பது அநேகமாக இல்லை. இதை நான் வம்பு பேசித் தெரிந்துகொள்ளவில்லை. மண்ணக்காவே மண்ணைச் சலித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார், பல தடவை, பல விதமாக.

மண்ணக்கா வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. நாலாம் மாதம் லீவு தீர்ந்துவிட்டது. அதே சமயத்தில் கொத்தனார் சாரத்திலிருந்து விழுந்து கால் உடைந்து வீட்டில் கிடந்தார். அதனால் அம்மா வேலைக்கு வந்தார், அப்பா குழந்தையைப் பார்த்துக்கொண்டார். வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு மூலையில் தகரச் சாய்ப்பு உண்டு. காற்று வரும் என்று அதன் கீழே மரத்தொட்டிலைப் போட்டு, பக்கத்தில் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். எட்டாம் மாதம் ஒரு பகலில் குழந்தைக்குக் காய்ச்சலும் வலிப்பும் வந்தன. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. காய்ச்சல் வலிப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு கொத்தனார் பேசவில்லை. வாக்கியமாகப் பேசவில்லை என்று சொல்ல வேண்டும். உப்பு வேண்டும், கதவைச் சாத்து, வருகிறேன், அவ்வளவுதான். மண்ணக்காவுக்கு அதன் அர்த்தம் தெளிவாகத் தெரிந்திருந்தது. கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போனாயே என்கிறார். வாயால் சொல்லாமல் பதினெட்டு வருஷமாகச் சொல்கிறார்.

"ஒரு தடவ வாயத் திறந்து திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும் தம்பி" என்பார். "நானும் திருப்பித் திட்டியிருப்பேன். அதோட போயிருக்கும்."

குழந்தை போன இரண்டாம் மாதம் ஒரே ஒரு சண்டை நடந்திருக்கிறது. கொத்தனார் அரை மூட்டை சிமெண்டு கொண்டுவந்து, தொட்டில் இருந்த மூலையைப் பூசிவிடப் போகிறேன் என்றாராம். மண்ணக்கா பூச்சுக் கரண்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டார். பிள்ளை கிடந்த இடத்தையும் இல்லாமல் ஆக்கப் பார்க்கிறீர்களா என்று கேட்டாராம். மறுநாள் கொத்தனார் அந்த மூலையைச் சுற்றிக் கம்பிவலை அடித்தார். கோழிகூட உள்ளே போகாத அளவுக்கு நெருக்கமாக அடித்தார். அந்த மண்ணில் அதன் பிறகு யாரும் ஒரு செடி நட்டதில்லை.

அந்த மூலைதான் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. எப்படி என்று சொல்கிறேன்.

மெஷின் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது. மருந்தே படாத மண் ஒன்றையும் மற்றவற்றைப் போலவே குலுக்கி, வடிகட்டி, ஓட்டிப் பார்க்க வேண்டும். அதில் சின்னதாக ஏதாவது எகிறினால், அது கரைப்பானிலோ குடுவையிலோ இருந்த அழுக்கு என்று பொருள். அந்த அளவை எல்லா விவசாயிகளின் கணக்கிலிருந்தும் கழித்துவிடுவோம். அப்படிப்பட்ட மண்ணை பிளாங்க் என்போம். மருந்து படாத மண் கிடைப்பது லேசில்லை. அப்போதிருந்த ஆபீசர் தேடித் தேடி அலுத்தபோது மண்ணக்கா சொல்லியிருக்கிறார், எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு மூலை இருக்கிறது, வலை அடித்திருக்கிறது, மனுஷன் கால்கூடப் படாது என்று.

இருபத்திரண்டு வருஷமாக அந்த மண்தான் எங்கள் பிளாங்க். வருஷத்துக்கு ஒரு வாளி. தொட்டில் நின்ற நடுப்பகுதியைத் தொடமாட்டார், வலையோரமாகத் தோண்டி எடுத்து வருவார். அதற்கும் முறையாகப் படிவம் எழுதுவார். பயிர், இட்ட மருந்து, எந்தப் பூச்சிக்கு, இட்டவர் என்று படிவத்தில் கட்டங்கள் உண்டு. ‘இட்ட மருந்து: எதுவும் இல்லை’ என்று எழுதும்போது கொஞ்சம் பெரிய எழுத்தாக இருக்கும். அந்த எழுத்தில் ஒரு பெருமை தெரியும். எங்களில் யாராவது எதையாவது சத்தியம் செய்வதாக இருந்தால், மண்ணக்கா மண் மேல் சத்தியம் என்போம். விளையாட்டுப் பேச்சுதான்.

இனி என் விஷயம். முறைப்படி இன்னொன்றையும் ஓட்ட வேண்டும். மண்ணே போடாமல் வெறும் கரைப்பானை மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிளாங்க்கில் வரும் பீக் கரைப்பானிலிருந்து வருகிறதா, மண்ணிலிருந்தே வருகிறதா என்று தெரிய அது ஒன்றுதான் வழி. நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் கரைப்பானுக்குத் தட்டுப்பாடு. வெறும் கரைப்பானை ஓட்டுவதை நிறுத்தினேன். தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் தொடங்கவில்லை. பிளாங்க்கில் ஒரு சின்ன பீக் எப்போதும் வரும், அந்தக் காலக் கரைப்பானிலும் அதே இடத்தில் கொஞ்சம் வந்ததுண்டு. கரைப்பான் அழுக்கு என்று எழுதிக் கழித்துக்கொண்டே வந்தேன். அடுத்தவர் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் குதிக்கிற ஆள், என் வேலையில் இருந்த ஓட்டையைப் பதினேழு வருஷம் பார்க்கவில்லை.

இதற்கு நடுவில் ஒரு நாள் மண்ணக்கா முகம் முழுக்கச் சிரிப்பாக வந்தார். கொத்தனார் உயிரோடு இருந்த காலம் அது. முதல் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது அவர் தானாக ஒரு கேள்வி கேட்டாராம்.

"என்னன்னு தெரியுமா தம்பி? ‘மண்ணுல போட்ட மருந்து எத்தனை நாள் இருக்கும்’னு கேட்டார். நான் விடுவேனா? தட்டுல இருந்த சாப்பாட்டையே குவிச்சு, பாதி, அதுல பாதின்னு பிரிச்சுக் காட்டினேன். ‘அப்ப முழுசாப் போகவே போகாதா’ன்னு கேட்டார். கணக்குப்படி போகாதுன்னேன். எழுந்து கை கழுவிட்டுப் போயிட்டார். பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. பரவால்ல, கேட்டாரில்ல. என் வேலையப் பத்தி அவர் கேட்ட முதல் கேள்வி."

"மண் மேல ஆசை வந்துடுச்சு போல உங்க வீட்டுக்காரருக்கு" என்று நான் கிண்டல் செய்தேன். அன்றைக்கு எல்லாருக்கும் அவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

கொத்தனார் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூச்சுக்கு நடுவே மூன்று வார்த்தை சொல்லியிருக்கிறார். "அந்த மூலைய மூடிடு." மண்ணக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இப்பக்கூட அதுதானா?" என்று கேட்டாராம். அன்று மாலை அவர் போய்விட்டார். அவர்களுக்குள் கடைசியாக நடந்த பேச்சு அது.

போன வருஷம் பூசணிக்காரர் வந்தார். ஒரு பூசணிக்காயை என் மேஜை மேல் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். பழைய வயல் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, எங்களிடம் மண்ணைக் கொடுத்துப் பார்த்து, ‘மருந்து இல்லை’ என்ற எங்கள் காகிதத்தை நம்பிப் பூசணி போட்டவர். குழந்தைகளுக்கான கூழ் செய்யும் தொழிற்சாலை ஒன்று மொத்தக் காயையும் எடுத்துக்கொள்வதாக இருந்தது. அவர்கள் தங்கள் ஆய்வகத்தில் பார்த்துவிட்டு லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"சார், உங்க காகிதம் இல்லைங்குது. பூசணிக்கா இருக்குங்குது. ரெண்டு பேர்ல யார் பொய் சொல்றீங்க?"

நான் கத்தவில்லை. அவர் அவ்வளவு நிதானமாகக் கேட்டார்.

பூசணி, சுரை, வெள்ளரி இந்த வகைகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மற்ற பயிர்கள் சீண்டாத பழைய மருந்தை வேரால் உறிஞ்சிக் காய் வரைக்கும் கொண்டுபோய்விடும். அதனால் மண்ணில் கொஞ்சம் இருந்தாலே போதும். அந்தக் கொஞ்சத்தை நாங்கள் எப்படித் தவறவிட்டோம் என்பதுதான் கேள்வி. அப்போதுதான் எங்களுக்குப் புது மெஷின் வந்திருந்தது. பழையதற்கு ஒரு பொருள் எத்தனையாவது நிமிஷத்தில் வருகிறது என்பது மட்டும்தான் தெரியும். புதியது அதை உடைத்துப் பார்த்து, இன்ன பொருள் என்று அடித்துச் சொல்லிவிடும். பூசணிக்காரரின் காயை ஓட்டினேன். எடுத்து வைத்திருந்த அவர் வயல் மண்ணை ஓட்டினேன். பிளாங்க்கை ஓட்டினேன். பதினேழு வருஷத்துக்குப் பிறகு வெறும் கரைப்பானையும் ஓட்டினேன்.

காயில் டீல்ட்ரின் என்ற பழைய பூச்சிமருந்து இருந்தது. வயலில் இருந்தது. கரைப்பான் பளிச்சென்று சுத்தமாக இருந்தது. பிளாங்க்கில் டீல்ட்ரின் இருந்தது.

அழுக்கு என்று நான் கழித்ததெல்லாம் மருந்து. மண்ணக்கா வீட்டு மண்ணில் எவ்வளவு இருந்ததோ, அவ்வளவையும் ஒவ்வொரு விவசாயியின் கணக்கிலிருந்தும் எடுத்துவிட்டு, இல்லை இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மண்ணக்காவிடம் சொன்னபோது சிரித்தார். "புது மெஷின் கத்துக்குட்டி தம்பி. மறுபடி ஓட்டுங்க." மறுபடி ஓட்டினேன். மூன்றாம் தடவை குடுவைகளையெல்லாம் அவரே மூன்று முறை கழுவி, அவரே குலுக்கி, அவரே வடிகட்டித் தந்தார். திரைக்கு முன்னால் என் தோளுக்குப் பின்னால் நின்றார். பீக் அதே இடத்தில் எழுந்தது.

"ஆல்ட்ரின் இருக்கா பாருங்க" என்றார்.

"இல்லக்கா. டீல்ட்ரின் மட்டும்தான்."

அதன் பொருளை நான் அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆல்ட்ரின் என்பது கரையானுக்கும் எறும்புக்கும் முன்பு போட்ட மருந்து. மண்ணில் விழுந்ததும் அது டீல்ட்ரினாக மாற ஆரம்பிக்கும். மாறிய பிறகுதான் அதன் பிடிவாதம். ஆல்ட்ரின் கொஞ்சம்கூட மிச்சமில்லை என்றால், போட்டு வெகுகாலம் ஆகிவிட்டது.

"கட்டடம் கட்டறப்ப அஸ்திவாரத்துக்குப் போடறது" என்றார் மண்ணக்கா. "கொத்தனார் வீடு. கரையானுக்காகச் சுவரோரம் போட்டிருப்பார். அங்கிருந்து கொஞ்சம் இந்தப் பக்கம் வந்திருக்கும்."

"அது நகராதேக்கா."

"தெரியும்" என்றார்.

இருந்தாலும் பார்த்துவிட வேண்டும் என்றார். பிளாங்க் கெட்டது எப்படி என்று ஆபீசருக்கு எழுத வேண்டும் என்பது சாக்கு. அந்த வாரம் நானும் அவரும் அவர் வீட்டுக்குப் போனோம். வலையைப் பிரித்தோம். எட்டடிக்கு ஏழடி இருக்கும் அந்த மூலை. கயிறு கட்டி அடிக்கு ஒரு குச்சி நட்டு, ஒவ்வொரு குச்சியடியிலும் மண் எடுத்தோம். ஐம்பத்தாறு பை. எந்த விவசாயியின் வயலையும் அவர் இவ்வளவு சிரத்தையாக அளந்ததில்லை. ஒவ்வொரு பையிலும் வரிசை எண்ணும் இட எண்ணும் எழுதினார். உலர்த்தி, சலித்து, நாலாகப் பிரித்து, ஐந்து நாள் வேலை பார்த்தார். அந்த ஐந்து நாளும் சலிக்கும்போது அவர் பேசவில்லை.

முடிவுகளை நான் கட்டம் போட்ட காகிதத்தில் குறித்தேன். குறைவாக இருந்தால் மஞ்சள், அதிகமானால் ஆரஞ்சு, மிக அதிகமானால் சிவப்பு என்று பென்சிலால் தீட்டிக்கொண்டே போனேன். சுவரோரமும் வலையோரமும் வெறும் மஞ்சள், தூசியாகப் பறந்து படிந்த அளவுதான். கரையானுக்குப் போட்டது இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. நடுவில் நாலு கட்டங்கள் மட்டும் சிவப்பு. நாலும் தனித்தனியாக, இடையில் இரண்டடியும் மூன்றடியும் விட்டு நின்றன. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "என்னக்கா இது, யாரோ அளந்து வச்ச மாதிரி இருக்கு" என்றேன்.

மண்ணக்கா காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினார். இரண்டு கையின் விரல்களையும் அந்த நாலு சிவப்பின் மேல் வைத்தார். அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

"தொட்டிலோட கால்" என்றார்.

உலர்த்தும் அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம். அவர் மெதுவாகத்தான் சொன்னார். எங்கேயும் குரல் உடையவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நான்தான் கத்தினேன் தம்பி. வேலை முடிஞ்சு போய்ப் பார்த்தா காது மடல்ல எறும்பு கடிச்சு வீங்கியிருக்கு. தொட்டில் காலுக்கெல்லாம் கிண்ணத்துல தண்ணி வச்சிருக்கேன், வெயில்ல வத்திடுதுன்னு சொன்னார். வத்தினா ஊத்த மாட்டீங்களா, கால்தானே ஒடிஞ்சுது, கை இருக்கில்லன்னு கேட்டேன். மறுநாள்ல இருந்து ஒரு எறும்புகூட வரல. எப்படின்னு நான் கேக்கவே இல்ல. வேலை முடிஞ்சு வர்றேன், எறும்பு இல்ல, நல்லதாப் போச்சு. அவ்வளவுதான் நினைச்சேன்."

ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகும் என்றால் இருபத்துநாலு வருஷத்தில் கிட்டத்தட்ட ஐந்து தடவை பாதியாகியிருக்கும். முப்பத்திரண்டில் ஒரு பங்குதான் இப்போது இருப்பது. ஒரு துண்டுக் காகிதத்தில் அதைத் திருப்பிப் பெருக்கினார். காகிதத்தை என்னிடம் காட்டினார்.

"ஒரு காலுக்கு ஒரு கைப்பிடிப் பொடி. வேலை செஞ்ச கட்டடத்துல இருந்து முன்னாடி கொண்டுவந்து வச்சிருந்திருப்பார். அதிகமாக்கூடப் போடல பாருங்க."

அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. சிமெண்டு மூட்டை. பிடுங்கி எறிந்த கரண்டி. கோழி போகாத வலை. பாதியில் எழுந்துபோன சாப்பாடு. ஆஸ்பத்திரியில் சொன்ன அந்த மூன்று வார்த்தை. அவர் சொல்லச் சொல்ல, என்னிடம் முன்பே சொன்ன கதைகள்தான், ஆனால் ஒவ்வொன்றும் வேறு கதையாகிக்கொண்டே வந்தது.

"என்மேல கோவம்னு நினைச்சேன். பதினெட்டு வருஷம் அந்த மனுஷன் என்கிட்ட மன்னிப்புக் கேக்கத் தெரியாம முழிச்சிருக்கார். ‘முழுசாப் போகவே போகாதா’ன்னு கேட்டாரே, நான் தட்டுல பிரிச்சுக் காட்டினேனே தம்பி."

கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அதாலதானா?" என்று கேட்டார். குழந்தை போனது அதாலதானா என்று.

இல்லை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இல்லை என்று எழுதி எழுதித்தான் இத்தனையும் ஆனது. அந்த மருந்து உடம்பில் சேர்ந்தால் வலிப்பு வரும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். காய்ச்சலில் வலிப்பு வந்து போகிற குழந்தைகளும் உண்டு, அதுவும் தெரியும்.

"தெரியாதுக்கா" என்றேன். "மண்ணுல இருந்ததைத்தான் நாம அளந்திருக்கோம். குழந்தை உடம்புல என்ன இருந்துச்சுன்னு யாரும் பாக்கல. இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

"அவருக்கும் தெரியாமத்தான் இருந்திருக்கும்" என்றார். "தெரியாமயே சுமந்திருக்கார்." அப்போதுதான் அழுதார். ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி, மண் படிந்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு, உலர்த்தும் தட்டுகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆபீசரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கரைப்பான் விஷயத்தையும் சேர்த்து. எனக்கு எழுத்துமூலம் கண்டனம் வந்தது. அது போதாது என்பதும் எனக்குத் தெரியும். பழைய காகிதங்களையெல்லாம் எடுத்து மறுபடி கணக்குப் போட்டோம். நூற்று நாற்பத்து மூன்று பேருக்கு, நாங்கள் இல்லை என்று சொன்னது தவறு, இருக்கிறது என்று கடிதம் போனது. பூசணிக்காரருக்கு மட்டும் கடிதம் போடவில்லை, மண்ணக்கா நேரில் போனார். நானும் கூடப் போனேன். பூசணி, வெள்ளரி, சுரை எதுவும் இந்த வயலில் வேண்டாம், சோளம் போடுங்கள், அது இந்த மருந்தை அநேகமாக இழுக்காது என்று சொன்னார். தப்பு எங்களுடையது என்றார். அந்த மண் தன் வீட்டு மண் என்றும் சொன்னார். பூசணிக்காரர் வரப்பில் குந்தியபடி வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் மண்ணக்கா என்னிடம் ஒரு உதவி கேட்டார். அந்த மூலைக்கு சிமெண்டு பூச வேண்டும்.

நான் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னேன். "மூடிட்டா காத்தும் தண்ணியும் உள்ள போகாதுக்கா. அழியறது இன்னும் மெதுவாத்தான் அழியும்."

"எனக்குச் சொல்றீங்களா?" என்றார். "அழியணும்னு அவர் கேக்கல. வேற யார் கையிலயும் படக்கூடாதுன்னுதான் கேட்டார். கேட்டப்ப நான் கேக்கல."

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் பூசினோம். கூலிக்கு ஆள் வேண்டாம் என்றுவிட்டார். கொத்தனாரின் பழைய கரண்டி வீட்டிலேயே இருந்தது, பிடி மட்டும் ஆடியது. எனக்குச் சுட்டுப்போட்டாலும் அந்த வேலை வராது. அவருக்கும் வரவில்லை. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். கொத்தனார் பார்த்திருந்தால் அந்தப் பதினெட்டு வருஷ மௌனத்தை உடைத்துக்கொண்டு திட்டியிருப்பார் என்றேன். அவர் லேசாகச் சிரித்தார். நாலு கால் இருந்த இடங்களைக் கடைசியாக விட்டுவைத்து, அவரே மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பூசினார்.

மறுநாள் என் மேஜை மேல் ஒரு படிவம் இருந்தது. ஐம்பத்தாறு பைக்கும் சேர்த்து எழுத வேண்டிய படிவத்தை அவர் அதுவரை தந்திருக்கவில்லை. நானும் கேட்கவில்லை. வழக்கமான சின்ன எழுத்தில் எழுதியிருந்தார். இட்ட மருந்து: ஆல்ட்ரின் பொடி, காலுக்கு ஒரு கைப்பிடி. எந்தப் பூச்சிக்கு: எறும்பு. இட்டவர்: குழந்தையின் அப்பா. அதற்குக் கீழே, இடச் சொன்னவர் என்று அவராகவே ஒரு கோடு போட்டு, அதில் தன் பெயரை எழுதியிருந்தார்.

பயிர் என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. திருப்பி அனுப்பாமல் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.